சென்னையில் காலாற நடக்கவும் டிக்கெட்டா?

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு பூங்காவுக்குப் போயிருக்கிறார்; உள்ளே நுழையவே 300 ரூபாய் ஆகியிருக்கிறது. "ஊரில் மருதமலைப் படி ஏற யாரும் காசு கேட்டதில்லை. இங்கே சும்மா நடப்பதற்கும் டிக்கெட்டா? அரசு நிலம் என்றால் மக்கள் நிலம்தானே? காசில்லாமல் நடக்க இடம் எங்கே இருக்கிறது? காசு கொடுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய இடம் எது?" என்பது அவர் கேள்வி.

நான்கு பேருக்கு 300 என்றதுமே எந்தப் பூங்கா என்று ஊகித்துவிட்டேன். கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. பெரியவருக்கு 100, சிறுவருக்கு 50 என்று அறிவித்துத்தான் திறந்தார்கள். ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது) போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம். பரப்பு ஏறக்குறைய 6 ஏக்கர்.

அங்கிருந்து அரைமணி நேரம் நடந்தால் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா வந்துவிடும். அதற்கு டிக்கெட்டே கிடையாது. இரண்டுமே பொது நிலம், இரண்டையுமே அரசு அமைப்புகள்தான் பராமரிக்கின்றன. ஏன் இந்த வித்தியாசம்? நிலம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம். இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மாநகராட்சிப் பூங்கா என்றால் பொதுவாக இலவசம். தோட்டக்கலைத் துறை என்றால் டிக்கெட். வனத்துறை என்றால் பெரும்பாலும் டிக்கெட்டோடு அனுமதியும் வேண்டும், பல இடங்களில் அனுமதியே கிடைக்காது. ஏரிக்கரைகள் பெரும்பாலும் நீர்வளத்துறையுடையவை, அங்கே பொதுவாக வாசலும் இல்லை, வசூலும் இல்லை. அடையாறு தியசாபிகல் சொசைட்டி மாதிரியான இடங்கள் தனி அமைப்புகளின் சொத்து. பழைய ஆலமரத்தைப் பார்க்க அவர்கள் உள்ளே விடும் நேரத்தில் போய்வரலாம். விடாவிட்டால் "பொது நிலம்தானே" என்று சண்டை போட முடியாது.

இலவசம் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். காலை ஐந்தரை, ஆறு மணிக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கும் மாமாக்கள், சுரிதாருக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாமிகள், ஒரு ஓரத்தில் ஷட்டில்காக், பெஞ்சில் செய்தித்தாளைப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாகப் படிக்கும் கூட்டம். வெளியே வந்தால் எவர்சில்வர் பாத்திரங்களில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டு சாறும். சின்ன பூங்காதான், பத்து நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனால் தினமும் வருகிறார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். வாசலில் ஒரு டிக்கெட் கவுன்டரை வைத்தால் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் மறுநாள் வருவார்கள்?

கட்டண விஷயத்தில் என் கட்சி இதுதான். ஒருவருக்கென்று தனியாகச் செய்யும் வேலைக்குக் காசு வாங்குவது நியாயம். ஜிப்லைன், படகு, வழிகாட்டி, வாகன நிறுத்தம், எதற்கு வேண்டுமானாலும் வாங்கட்டும். தாங்க முடியாத கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கட்டணம் வைப்பதையும் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். வெறுமனே மண்ணில் நடப்பவரிடம், அதுவும் தினம் நடப்பவரிடம், வாசலிலேயே 100 ரூபாய் கேட்பது சரியில்லை. மாதம் இருபது நாள் நடந்தால் 2,000 ரூபாய். தனியார் ஜிம்மில் இதைவிடக் குறைவாகவே முடித்துக்கொள்ளலாம். சில கட்டணப் பூங்காக்களில் காலை நடைக்காரர்களுக்கு மாதச் சீட்டு தருகிறார்கள். கவுன்டரில் கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

எதிர்த் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. காசு வாங்கும் பூங்காவில் கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது, காவலாளி இருக்கிறார். இலவசப் பூங்காக்கள் பலவற்றில் கழிப்பறை இருக்கும், பூட்டும் அதில் தொங்கும். பெண்களும் வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் எங்கே எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. "100 ரூபாய் போனால் போகிறது, நிம்மதியாக இரண்டு மணி நேரம் உட்காரலாம்" என்று உங்கள் வீட்டில் சொன்னால் அதில் தப்பில்லை. ஆனால் சுத்தமான கழிப்பறைக்கு வீட்டு வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

வசூலாகும் காசு எங்கே போகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்கும் பிற கூட்டாட்சி நிலங்களுக்கும் சேர்த்து உள்நாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 80 டாலர். அங்கேயும் "நம் வரிப்பணத்தில் நடக்கும் இடத்துக்கு நாமே மறுபடி காசு கொடுப்பதா" என்று சண்டை உண்டு. ஆனால் 2004-இல் வந்த சட்டப்படி, வசூலில் பொதுவாக 80 சதவீதம் வசூலான இடத்துக்கே திரும்ப வேண்டும். பாதை சரிசெய்வது, கழிப்பறை கட்டுவது என்று அங்கேயே செலவாகும். நம்மூர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இந்த மாதிரி எதுவும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

டிக்கெட்டைவிட எனக்குப் பெரிய குறை பூட்டுதான். அண்ணா நகர் டவர் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் அது. அசம்பாவிதங்களைக் காரணம் காட்டி மூடியவர்கள் பத்தாண்டுக்கு மேல் திறக்கவில்லை. 2023-இல்தான் மறுபடி மேலே ஏற விட்டார்கள். அந்தப் பத்தாண்டில் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. கிண்டி குதிரைப் பந்தய மைதானம். 160 ஏக்கர் அரசு நிலத்தை 1945-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். இன்றைய கதீட்ரல் சாலைப் பூங்காக் கணக்கில் ஆறு பெரியவர்களின் டிக்கெட் காசு! 1970-க்குப் பிறகு உயர்த்திய வாடகையைக் கட்டவில்லை, பாக்கி 730 கோடி என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. அதில் 118 ஏக்கரைப் பசுமைப் பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்தார்கள். வழக்குகளும் கூடவே வந்தன. அந்தப் பூங்கா வந்தால் வாசலில் என்ன கட்டணம் எழுதுவார்கள் என்பதுதான் இந்த ஊர் நடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா, 270 ஹெக்டேர். நகருக்குள்ளேயே புள்ளிமானும் வெளிமானும் திரியும் காடு. ஆனால் சிறுவர் பூங்காவைத் தாண்டி உள்ளே நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. இதில் எனக்கு வருத்தமில்லை. அவ்வளவு சின்ன காட்டில் தினம் ஆயிரம் பேர் நடந்தால் மான்கள் எங்கே போகும்?

சரி, காசில்லாத பாதைகளுக்கு வருவோம்.

முதலில் பரங்கிமலை. புறநகர் ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான். மெட்ரோவும் அங்கேயே நிற்கிறது. ஸ்டேஷனிலிருந்து கன்டோன்மென்ட் மரநிழலில் கொஞ்சம் நடந்தால் படிக்கட்டு. ஏறக்குறைய 300 அடி உயரம். அந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் மதராஸில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் இருந்த பழைய மர்மலாங் பாலமும் அவர் காசில் கட்டியதுதான். தேவாலயத்துக்குச் சொந்தமான இடம், ஆனாலும் நுழைவுக் கட்டணம் இல்லை. மேலே 1523-இல் கட்டிய தேவாலயம். சுவர் ஓரமாக நின்றால் மீனம்பாக்கம் ஓடுபாதை முழுசாகத் தெரியும், பிள்ளைகள் விமானம் எண்ணிக்கொண்டே நிற்பார்கள். இந்த மலையடிவாரத்துச் சமவெளியில்தான் ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் அளந்த மகா நில அளவையின் முதல் அடி அது. ஏழு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் படியில் கால் வைக்க முடியாது, சுடும்.

அடுத்து ஏரிக்கரைகள். சிட்லபாக்கம் ஏரியைத் தூர்வாரிக் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். கொரட்டூர் பக்கம் இருப்பவர்களுக்கு அவர்கள் ஏரி. பள்ளிக்கரணையில் 200 அடி ரேடியல் சாலையை ஒட்டி வனத்துறை அமைத்த நடைபாதை இருக்கிறது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், 1,247 ஹெக்டேர். பனிக்காலத்தில் பூநாரைக் கூட்டம் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக நிற்கும். கிட்டத்தில் நீலத் தாழைக்கோழிகள் கோரைப்புல்லைப் பிடுங்கித் தின்றுகொண்டிருக்கும். காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பைமேட்டு வாடை அடிக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் பள்ளிக்கரணை. பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். பறவை பெயர் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-லிருந்து இருக்கிறது, அவர்களோடு சேர்ந்து போகலாம்.

பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கினால் அடையாற்றங்கரையில் ஒரு மரப்பூங்கா. குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை ‘நிழல்’ அமைப்பும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து நாட்டு மரங்களாக வளர்த்தெடுத்தார்கள். பூவரசு, புங்கம், நீர்மருது என்று பிள்ளைகளுக்கு இலை தொட்டுக் காட்டலாம். கொசு உண்டு, முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சென்னையில் எனக்குப் பிடித்த நடை இவற்றில் எதுவும் இல்லை. ஆமை நடை. ஜனவரி தொடங்கிக் கோடை வரும்வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிட வரும். மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988-லிருந்து ராத்திரி ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நடக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போவது அவர்கள் வழக்கம். கட்டணம் என்று எதுவும் இல்லை, விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் ஆமையைக் குழப்பும். அலை எட்டும் ஈரமணலை ஒட்டி நடந்துகொண்டே இருக்கும்போது முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பார். மணலில் டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலே ஏறி, மறுபடி கடலுக்கே இறங்கியிருக்கும். தடம் முடிகிற மேட்டில் ஒருவர் குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்ப்பார். மணல் இளகிக் கொடுக்கும் இடத்தில் கையை விட்டுத் தோண்டுவார்கள். முழங்கை வரை உள்ளே போனதும் முட்டைகள். நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைத்து, பெசன்ட் நகரில் வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைப்பார்கள். ஒன்றரை மாதத்தில் குஞ்சு பொரிக்கும். முடியும்போது மணி மூன்று, நான்கு ஆகிவிடும். உங்கள் பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்கள் என்றால் ராத்திரி நடையை விட்டுவிட்டு, குஞ்சுகளைக் கடலில் விடும் மாலை வேளையில் பெசன்ட் நகர் போங்கள், அதற்கும் காசில்லை.

ஆமை நடையில் இன்னொன்றும் கண்ணில் படும். கடலோர மணல் யாருடைய தனிச் சொத்தும் இல்லை, ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து அந்த மணலுக்குப் போகிற சந்துகளில் பங்களா மதில்களும் கேட்டுகளும் வரிசையாக நிற்கும். நிலம் இலவசம்தான், அங்கே போகும் வழி இலவசமில்லை. மீனவர் குப்பங்களின் வழியாகப் போகும் பாதைகளே இப்போது பல இடங்களில் கடலுக்கு மிஞ்சிய பொதுவழி. அவற்றில் நடக்கும்போது வலை காய்வதைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள்.

இனி காடும் மலையும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். பலர் சென்னையிலிருந்து போனவர்கள். அதற்கு முன்பு சனிக்கிழமை பை தூக்கிக்கொண்டு கிளம்பும் கூட்டம் எங்கே போகிறது என்று கேட்பார் குறைவு. அதற்குப் பிறகு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன, அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் காலெடுத்து வைத்தால் வழக்கு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இதை எப்போதும் குற்றமாகத்தான் வைத்திருந்தது, யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். சுலபமான பாதைகள் 600 ரூபாயை ஒட்டித் தொடங்கின, கடினமானவை சில ஆயிரங்கள். "காட்டைப் பணக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள்" என்று அப்போது நிறையப் பேர் கொதித்தார்கள்.

நான் இதில் கொஞ்சம் வேறு பக்கம். அந்தக் காசில் வழிகாட்டி வருகிறார். அவர் அந்தக் காட்டு ஓரத்து ஊர்க்காரர், பல இடங்களில் பழங்குடியினர். முதல் மூன்று மாத வசூலாக அரசு சொன்ன 63 லட்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் வழிகாட்டிகளுக்கே போயிருக்கிறது. பூங்கா டிக்கெட்டில் இந்தத் தெளிவு இல்லை. என் குறை வேறு: கல்லூரி மாணவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் இது இன்னும் பெரிய தொகை. அவர்களுக்கென்று வாரநாளில் பெயரளவுக் கட்டணம் வைத்தால் காடு ஒன்றும் தேய்ந்துவிடாது.

காசு கொடுத்தாலும் பரவாயில்லை என்று நீங்கள் கேட்ட இடத்துக்கு என் பதில், அந்த 40-இல் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் குடியம் குகை. திருவள்ளூர் மாவட்டம், பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம். முள்ளுப்புதர்க் காட்டுக்குள் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத நடை, பிள்ளைகளும் நடந்துவிடுவார்கள். முடிவில் பிரம்மாண்டமான பாறைக் குடை. நிமிர்ந்து பார்த்தால் கூழாங்கற்களை அள்ளிச் சேற்றில் பதித்துக் காயவைத்த மாதிரி செந்நிறப் பாறை. ஒரு காலத்தில் ஆறு கொண்டுவந்து சேர்த்த கற்கள். அடியில் உள்ளூர்க்காரர்கள் வணங்கும் மணச்சம்மன். இந்த வட்டாரத்தில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்த தடயங்கள் நிறைய. 1863 மே மாதம் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் ஆய்வு வந்தது. போகும் வழியில் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டுப் போனால், காட்டில் காலடியில் கிடக்கும் கல் எல்லாம் சந்தேகத்துக்குரியதாகிவிடும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது, பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூடுவது வழக்கம். டிசம்பர், ஜனவரியில் பதிவு செய்யுங்கள்.

வண்டலூர் உயிரியல் பூங்காவும் நல்ல நடைதான், 602 ஹெக்டேர், மரநிழல். பெரியவர் கட்டணத்தை 115-லிருந்து 200 ஆக்கிவிட்டார்கள். விலங்குகளுக்குத் தீனி, மருத்துவம் என்று செலவு இருக்கிறது, புரிகிறது. மாதம் ஒருமுறை போகும் இடம், தினம் போகும் இடமில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கடைசியாக, இதை யாரிடம் கேட்பது. கட்டணப் பூங்கா என்றால் சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள்: கட்டணம் எந்த அரசாணைப்படி, ஆண்டு வசூல் எவ்வளவு, அதில் அந்தப் பூங்காவுக்கே செலவானது எவ்வளவு, காலை நடைக்கு மாதச் சீட்டு உண்டா. நான்கே கேள்வி, தமிழிலேயே எழுதலாம். மாநகராட்சிப் பூங்காவின் பூட்டு, கழிப்பறை, திறக்கும் நேரம் என்றால் வார்டு கவுன்சிலரிடமும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்திலும் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் பெரும்பாலும் சாலையும் சாக்கடையும் பற்றிப் பேசத்தான் ஆட்கள் வருவார்கள். தனியாகப் போகாமல் பூங்காவில் தினம் பார்க்கும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கோரிக்கையை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.